சங்கு ஊதிய பிறகு எங்கே படுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தொடங்கி மறு ஆண்டு மே மாதம் வரை ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மாநகரின் மீது குண்டு வீசின என்றும், முதல் 57 இரவுகள் ஏறக்குறைய ஓய்வே இல்லாமல் கழிந்தன என்றும் சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்குச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. தளபதிகளைப் பற்றியோ விமானங்களைப் பற்றியோ கேட்டவர் எவருமில்லை. சோறு, விளக்கு, பள்ளிக்கூடம், படுக்கை என்றே எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்தருள வேண்டும்.

அம்மாப்பேட்டை வாசகி: இரவெல்லாம் குண்டு விழுந்த ஊரில் ஜனங்கள் எங்கேதான் தூங்கினார்கள்? எல்லோரும் சுரங்க ரயில் நிலையத்துக்குள் இறங்கிவிட்டார்கள் என்று படித்த ஞாபகம்.

நாம் பார்த்த புகைப்படங்கள் எல்லாம் அங்கே எடுக்கப்பட்டவை என்பதால் அப்படி ஓர் எண்ணம் படிந்துவிட்டது. 1940 நவம்பரில் எடுத்த கணக்கின்படி, லண்டன்வாசிகளில் நூற்றுக்கு 4 பேர்தான் சுரங்க ரயில் நிலையங்களில் தூங்கினார்கள். 9 பேர் பொதுப் பதுங்கிடங்களிலும், 27 பேர் தங்கள் வீட்டைச் சேர்ந்த பதுங்கு குழிகளிலும் படுத்தார்கள். மீதிப் பேர் வீட்டுக்குள்ளேயே, மாடிப்படியின் அடியிலோ, மேசைக்குக் கீழேயோ, வருவது வரட்டும் என்று தங்கள் கட்டிலிலோ படுத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் அந்த 4 பேரின் கதை சொல்லத் தக்கது. சுரங்க நிலையங்களைப் பதுங்கிடமாகப் பயன்படுத்த அரசு முதலில் அனுமதிக்கவில்லை. உள்ளே போனவர்கள் பயந்துபோய் மேலே வராமலே இருந்துவிடுவார்கள் என்றும், ரயில் போக்குவரத்து நின்றுவிடும் என்றும் அதிகாரிகள் கருதினார்கள். ஜனங்கள் சண்டைக்குப் போகவில்லை. ஒன்றரைப் பென்னி கொடுத்து ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, தலையணையும் போர்வையுமாக இறங்கியவர்கள் விடியும்வரை ஏறி வரவில்லை, அவ்வளவுதான். செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரே இரவில் சுமார் 1,77,000 பேர் கீழே படுத்திருந்தார்கள் என்கிற நிலை வந்தபோது அரசு தானாகவே இறங்கி வந்தது.

நடைமேடையில் வெள்ளைக் கோடுகள் இரண்டு போடப்பட்டன. ஒன்று விளிம்பிலிருந்து எட்டடி, மற்றொன்று நான்கடி. மாலை ஏழரை மணி வரை படுப்பவர்கள் எட்டடிக் கோட்டுக்கும் சுவருக்கும் இடையே ஒடுங்கியிருக்க வேண்டும். அதன்பின் நான்கடிக் கோடு வரை வரலாம். பத்தரை மணிக்கு ரயில் நின்ற பிறகு மேடை முழுவதும் அவர்களுடையது. அலுவலகத்திலிருந்து திரும்புகிறவர்கள் படுத்திருப்பவர்களின் காலை மிதிக்காமல் நடந்து ரயிலேறிப் போனார்கள். பள்ளிப் பிள்ளைகள் மத்தியானத்திலேயே வந்து மூட்டையை வைத்து இடம் பிடித்தார்கள். நல்ல இடத்தைப் பிடித்து, பின்னால் வருகிறவர்களுக்குக் காசுக்கு விற்கிற கூட்டமும் உருவாயிற்று. முதல் வாரங்களில் கழிப்பறைக்கு வாளிகள்தாம். அடுக்குக் கட்டில்களும் உணவு ஏற்றிவரும் ரயில்களும் பிற்பாடுதான் வந்தன. சேலத்துக்காரர்கள் நன்கு அறிந்த ஓர் எதிரியும் அங்கே இருந்தது: கொசு. பூமிக்கடியில் தேங்கிய நீரிலேயே குளிர்காலத்திலும் பெருகுகிற ஒரு கொசு வகை அந்தச் சுரங்கங்களில் தூங்கியவர்களைப் பிடுங்கி எடுத்தது. இன்றுவரை அதற்கு லண்டன் சுரங்க ரயிலின் பெயரே வழங்கி வருகிறது.

கீழே போனால் உயிருக்கு உத்தரவாதம் என்றும் சொல்ல முடியாது. அக்டோபர் 14ஆம் நாள் இரவு பால்ஹாம் நிலையத்துக்கு மேலிருந்த சாலையில் ஒரு குண்டு விழுந்து, தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் உடைந்து, சேறும் நீரும் சுரங்கத்துக்குள் பாய்ந்ததில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

சூரமங்கலம் வாசகர்: வீட்டுத் தோட்டத்திலேயே பதுங்கு குழி அமைத்துக்கொண்டார்களாமே. எங்களைப் போன்ற வாடகை வீட்டுக்காரர்களின் கதி என்ன?

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குழிக்கு ‘ஆண்டர்சன் ஷெல்டர்’ என்று பெயர். ஜான் ஆண்டர்சன் என்பவர் 1932 முதல் 1937 வரை வங்காளத்தின் கவர்னராக இருந்து, ஊர் திரும்பி, குடிமக்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றவர். வளைத்த நெளிதகடுகளைத் திருகாணியால் முடுக்கி, நான்கடி ஆழப் பள்ளத்தில் இறக்கி, மேலே பதினைந்து அங்குலத்துக்குக் குறையாமல் மண் போட்டு மூட வேண்டும். ஆறரை அடி நீளம், நான்கரை அடி அகலம். அதற்குள் ஆறு பேர். ஆண்டு வருமானம் 250 பவுண்டுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்கு 7 பவுண்டு விலைக்கும் கொடுத்தார்கள். மேலே போட்ட மண்ணை வீணாக்காமல் காய்கறி பயிரிட்டவர்கள் உண்டு. குண்டு பக்கத்தில் விழுந்தாலும் தாங்கியது, மழையைத்தான் தாங்கவில்லை. கணுக்கால் அளவு நீரில் நின்று தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் பல குடும்பங்கள் படுக்கைக்குப் போயின.

ஆனால் குழி வெட்ட மண் வேண்டுமே! லண்டனின் கிழக்குப் பகுதியில், துறைமுகத்தை ஒட்டி அடுக்கடுக்காக வாடகை அறைகளில் இருந்த கூலிக் குடும்பங்களுக்கு முற்றமும் கிடையாது, தோட்டமும் கிடையாது. முதலில் குறிவைக்கப்பட்டதும் அந்தத் துறைமுகம்தான். 1941இல் ஹெர்பர்ட் மாரிசன் என்ற அமைச்சரின் பெயரால் ஓர் இரும்புக் கூண்டு வந்தது; பகலில் சாப்பாட்டு மேசை, இரவில் அதன் கீழே படுக்கை. அதற்குள் பெருந்தாக்குதல்களில் பெரும்பாலானவை நடந்து முடிந்துவிட்டன.

1940 செப்டம்பர் நடுவில் ஒரு மாலை, ஸ்டெப்னிப் பகுதியின் கம்யூனிஸ்ட் தலைவர் பில் பிராட்டின் தம் பகுதி மக்களைக் குழந்தைகளோடு அழைத்துக்கொண்டு, பணக்காரர்கள் தங்கும் சவாய் ஹோட்டலுக்குள் நுழைந்தார். அங்கே நிலவறையில் மெத்தைக் கட்டில்களோடு பதுங்கிடம் இருந்தது. அபாயச் சங்கு ஊதிய பிறகு யாரையும் வெளியே தள்ள முடியாது என்பதால் நிர்வாகத்துக்கு வேறு வழி இல்லை. வந்தவர்கள் தேநீர் கேட்டார்கள். கொஞ்சம் பேரம் நடந்து, சாதாரணக் கடை விலைக்கே தேநீர் வந்தது. அன்றைக்குப் பார்த்து அபாயம் சீக்கிரமே நீங்கிவிட, எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். வாடகை வீட்டுக்காரர்களின் கதிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கருப்பூர் வாசகர்: எங்கள் பக்கத்து வெள்ளைக்கல்லில் இருக்கும் மக்னீசியத்தைக் கொண்டுதான் தீக்குண்டு செய்தார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

தனிமம் அதுவே; உறவு அவ்வளவோடு சரி. நம் வெள்ளைக்கல் பெரும்பாலும் சூளையில் சுடப்பட்டு, இரும்பு உலைகளின் உட்சுவருக்கான செங்கல்லாகப் போவது. லண்டனில் விழுந்த தீக்குண்டு ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள மக்னீசியக் கலவைக் குழல். ஆளைக் கொல்வதைவிடக் கூரையைத் துளைத்து உள்ளே தங்கி எரிவதே அதன் வேலை. ஒரு விமானம் இவற்றை நூற்றுக்கணக்கில் கொட்டிவிட்டுப் போகும்.

எரியும் மக்னீசியத்தின் மேல் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் அது அணையாது, சீறித் தெறிக்கும். ஆகவே வீட்டுக்கு வீடு மணல் வாளி வைத்தார்கள். கூடவே ஒரு கைப்பம்பும் உண்டு. வாளிக்குள் பம்பை நிறுத்தி, வெளியே நீண்டிருக்கும் வளையத்தை ஒரு காலால் மிதித்துக்கொண்டு ஒருவர் அடிக்க வேண்டும்; குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு மற்றொருவர் தரையோடு தரையாகத் தவழ்ந்து சென்று நீரைத் தூவலாக அடிக்க வேண்டும்; மூன்றாமவர் தண்ணீர் சுமக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட அந்த மூன்று பேர் கணக்குக்காகப் பேசியாக வேண்டியிருந்தது.

1940 டிசம்பர் 29ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, நகரின் வணிகப் பகுதி எரிந்தது. விடுமுறை நாளாதலால் கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன; தேம்ஸ் ஆற்றில் நீர் வற்றி இறங்கியிருந்த வேளையாதலால் தீயணைப்புக் குழல்களுக்கு நீர் எட்டவில்லை. செயின்ட் பால் தேவாலயம் தப்பியதற்குக் காரணம், அதன் கூரையில் இரவு முழுவதும் காவலிருந்த தொண்டர்களே. பூட்டிய கட்டடத்துக்குக் காவலில்லை என்ற பாடம் அன்றைக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே தீக்காவல் கட்டாயக் கடமையாக்கப்பட்டது. வி. கே. கிருஷ்ண மேனன் இந்த நாள்களில் லண்டன் செயின்ட் பங்க்ராஸ் பகுதியின் நகரமன்ற உறுப்பினராகவும், விமானத் தாக்குதல் காவலராகவும் இருந்தார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஏற்காடு வாசகர்: இருட்டடிப்பு என்றால் நம் கரண்ட் கட் போலத்தானே?

கரண்ட் கட்டில் விளக்கு எரியாது, எரிந்தால் மகிழ்ச்சி. இருட்டடிப்பில் விளக்கு எரியலாம், ஆனால் வெளியே ஓர் இழைகூடத் தெரியக் கூடாது, தெரிந்தால் அபராதம். 1939 செப்டம்பர் 1ஆம் நாளிலிருந்து, முதல் குண்டு விழுவதற்கு ஓராண்டு முன்னதாகவே, லண்டன் இருளில் மூழ்கியது. தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொரு சன்னலுக்கும் கறுப்புத் துணியோ அட்டையோ பொருத்தி, ஓரங்களை ஆணியடித்து, வெளியே போய் நின்று பார்த்துவிட்டு உள்ளே வருவது வீட்டுப் பெண்களின் வேலையோடு ஒரு வேலையாகச் சேர்ந்துகொண்டது. தெருவிளக்கு இல்லை. வண்டிகளின் முகப்பு விளக்கை மூடி, ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் தரையில் விழும்படி செய்தார்கள். பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பழகிய உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. உங்களுக்கு இருபது வளைவு இறங்கினால் அடிவாரத்தில் வெளிச்சம் வந்துவிடும், அவர்களுக்கு ஐந்தாண்டு காலம் வரவில்லை.

அந்த முதல் மாதத்தில் பிரிட்டன் முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எதிரி ஒரு விமானத்தைக்கூட அனுப்பாமல் கிடைத்த பலன் இது. பிறகு நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளையடித்தார்கள். நம் நெடுஞ்சாலைப் புளியமரங்களின் இடுப்பில் இருக்கிற பட்டையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

மற்றொரு ஏற்காடு வாசகர் (காபித் தோட்டக்காரர்): போர்க்காலத்தில் அவர்களுக்குக் காபி கிடைத்ததா?

காபிக்குப் பங்கீடே விதிக்கவில்லை. குடிக்கிறவர்கள் அவ்வளவு குறைவு. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் உங்கள் மலையில் காபியை நட்டபோது சொந்த ஊர்க்காரர்களை நம்பி நட்டிருக்க மாட்டார். தேயிலைக்குத்தான் தவிப்பு. 1940 ஜூலையிலிருந்து ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். கொஞ்சம் இலேசாகப் போட்டால் நாளைக்கு மூன்று குவளை தேறும். சைவ உணவுக்காரர் என்று பதிந்துகொண்டால் இறைச்சிக்குப் பதிலாகக் கூடுதல் பாலாடைக்கட்டி கொடுத்தார்கள். ரொட்டி போர் முடியும்வரை பங்கீட்டில் இல்லை. போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், பங்கீடு வந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, அஸ்தம்பட்டி: குழந்தைகளை ஊரைவிட்டு அனுப்பினார்கள் என்கிறார்கள். தாய்மார் எப்படிச் சம்மதித்தார்கள்?

1939 செப்டம்பர் தொடக்கத்தில் மூன்றே நாளில், பிரிட்டனின் நகரங்களிலிருந்து ஏறக்குறைய 15 லட்சம் பேரைக் கிராமப்புறத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகள். கழுத்தில் பெயர்ச்சீட்டு, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி, கையில் ஒரு சிறு மூட்டை. எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதே பல தாய்மாருக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளை எழுதும் அஞ்சலட்டையில்தான் முகவரி தெரிந்தது. கிராமத்துக் கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார்கள். வீட்டுக்காரர்கள் வந்து வேண்டியவர்களைப் பொறுக்கிக்கொள்வார்கள். வளர்ப்பதற்கு அரசு வாரந்தோறும் பணம் கொடுத்தது. துறுதுறுப்பான பையனும் அழகான பெண்ணும் முதலில் போக, அண்ணன் தம்பியாகச் சேர்ந்து நின்றவர்களும் அழுக்குச் சட்டைக்காரர்களும் கடைசிவரை நின்றார்கள்.

தாய்மார் எப்படிச் சம்மதித்தார்கள் என்றால், பலர் முழுமனத்தோடு சம்மதிக்கவில்லை என்பதுதான் விடை. முதல் சில மாதங்களில் குண்டு விழவில்லை என்றதும், 1940 ஜனவரிக்குள் பாதிக்கு நெருங்கிய பேர் வீடு திரும்பிவிட்டார்கள். பிள்ளையை ஏற்காட்டு விடுதியில் விட்டுவிட்டு இரண்டாம் வாரமே மலையேறிப் போய் எட்டிப் பார்க்கிற நம் வீட்டுத் தாய்மார்களை அறிந்த எவருக்கும் இது வியப்பாயிராது. செப்டம்பரில் குண்டு விழத் தொடங்கியபோது மறுபடியும் அனுப்ப வேண்டியதாயிற்று.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: அந்த ஜனங்களின் நெஞ்சுரம் நம்மவர்களுக்கு வருமா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்காக மன்னிக்க வேண்டும். நெஞ்சுரத்தைப் பாராட்டுவது செலவில்லாத காரியம் என்பதால் எல்லா அரசுகளும் அதைத் தாராளமாகச் செய்கின்றன. கானிங் டவுன் பகுதியில் வீடிழந்த குடும்பங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்து, பேருந்து வரும், ஏற்றிக்கொண்டு போவோம் என்றார்கள். அவர்களும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பேருந்து வரவில்லை. 1940 செப்டம்பர் 10ஆம் நாள் விடியுமுன் குண்டு வந்தது. அரசுக் கணக்கில் 77 பேர் மாண்டார்கள். அதைவிட மிக அதிகம் என்றே அந்தப் பகுதி மக்கள் கடைசிவரை சொல்லி வந்தார்கள். அவர்களுக்கு நெஞ்சுரம் இருந்தது, குறைந்தது பேருந்துதான்.

1943 மார்ச் 3ஆம் நாள் பெத்னல் கிரீன் நிலையத்தில் நடந்தது இன்னொன்று. சங்கு ஊதியதும் கூட்டம் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அருகிலிருந்த பூங்காவில் புதிதாக வைத்த ராக்கெட் பீரங்கிகள் அதுவரை கேட்டறியாத ஓசையோடு வெடித்தன. மழையால் நனைந்த படி, மங்கிய விளக்கு, நடுவில் கைப்பிடிக் கம்பி இல்லை. கீழே ஒரு பெண் தடுக்கி விழ, அவர் மேல் மற்றவர்கள் விழ, சில நிமிடங்களில் 173 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்று அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை. போர்க்காலம் என்று விசாரணை அறிக்கையை வெளியிடாமல் வைத்துக்கொண்டார்கள். கைப்பிடிக் கம்பி பிறகு போடப்பட்டது.

ஓய்வுபெற்ற நூற்பாலைத் தொழிலாளி, சேலம்: எங்கள் மில் சங்கு மாதிரிதானா அவர்களுடையதும்?

ஏறியும் இறங்கியும் ஊளையிட்டால் அபாயம். ஒரே சீராக நீண்டு ஒலித்தால் அபாயம் நீங்கியது. 1944இல் வந்த ஆளில்லா விமானக் குண்டுக்கு அந்தச் சங்கைவிட அதன் இயந்திர ஓசையே எச்சரிக்கை: உறுமல் கேட்கிறவரை பயமில்லை, உறுமல் நின்றால் தலைக்கு மேலே விழப்போகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ராக்கெட் ஒலியைவிட வேகமாக வந்ததால் சங்குக்கே வேலையில்லை. வெடித்த பிறகுதான் அது வந்த ஓசை கேட்டது.

ஆத்தூர் வாசகர்: என் மகன் உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்து 2022இல் ஊர் திரும்பியவன். கீவ் நகரில் இன்று வாழ்கிறவர்களுக்கும் அன்றைய லண்டனுக்கும் என்ன வேறுபாடு?

தங்கள் மகனையே கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார். சங்கோடு கைப்பேசியும் ஊளையிடுகிறது என்பது முதல் வேறுபாடு. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் படையெடுப்பு தொடங்கியதும் அங்கேயும் மெட்ரோ நிலையங்கள் படுக்கையறைகளாயின. அவற்றில் ஆர்செனல்னா நிலையம் 105 மீட்டருக்கும் கூடுதலான ஆழம். கீழே போக நேரமில்லாதவர்கள் இரண்டு சுவர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தெருவுக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு சுவராவது இருக்க வேண்டும். முதல் சுவர் அதிர்ச்சியைத் தாங்கும், இரண்டாவது சிதறல்களைத் தடுக்கும். அதனால் நடைக்கூடத்திலும் குளியலறையிலும் மெத்தை போட்டுத் தூங்குகிறார்கள்.

2022 அக்டோபரிலிருந்து மின்நிலையங்களின் மேல் ஏவுகணைகள் விழத் தொடங்கின. மாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட் பாதியில் நின்றுபோகும் என்பதால், குடியிருப்பவர்கள் லிஃப்டுக்குள்ளே ஒரு பெட்டி வைத்தார்கள். அதில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கைவிளக்கு. யார் வைத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று கணக்கில்லை. தீர்ந்தால் யாராவது நிரப்புவார்கள்.

கன்னங்குறிச்சி வாசகி: நம் சென்னைக்கு இப்படி எதுவும் நேரவில்லையா?

1914இல் எம்டன் கப்பல் வந்து சுட்டுவிட்டுப் போன கதை, ‘எம்டன்’ என்ற சொல்லாகவே நம் பேச்சில் தங்கிவிட்டது. இரண்டாம் போரில், 1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவற்றின் மீதும் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்று ஊரே காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குப் போயின. கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று உயிர்க்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த தாக்குதல் வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது.

அந்த ஏப்ரலில் சென்னையிலிருந்து ரயிலேறியவர்கள் எங்கெங்கே உறவு இருந்ததோ அங்கெல்லாம் இறங்கினார்கள். சேலத்தில் எங்கள் பாட்டனார் வீட்டிலும் இறங்கினார்கள். பாட்டி அதை ‘எவாக்குவேஷன் வருஷம்’ என்றே சொல்லுவார். ஆண்கள் திண்ணையில், பெண்கள் கூடத்தில், பிள்ளைகள் தாழ்வாரத்தில் நெல் மூட்டைகளுக்கு நடுவே. பாய் போதவில்லை என்று பக்கத்துத் தெருவிலிருந்து இரவல் வாங்கிய கோரைப்பாய் ஒன்று, அவர்கள் சென்னைக்குத் திரும்பும்போது மூட்டையோடு மூட்டையாகப் போய்விட்டதாம். இரவல் கொடுத்த வீட்டுக்குப் பாட்டி புதுப்பாய் வாங்கிக் கொடுத்தார்.